இறக்கை ஆடினால் ஒடியப் போகிறது என்று அர்த்தமா?

ஜன்னலோரம் இருந்து எடுத்த விமான இறக்கையின் வீடியோ ஒன்று, கொழிஞ்சாம்பாறை, சித்தூர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. 'இறக்கை ஆடுகிறது, ஒடியப் போகிறது' என்று கூடவே ஒரு குறிப்பு. அது தவறு.

இறக்கை வளையும்படிதான் செய்யப்படுகிறது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் வரப்புப் பனை ஆடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கா இந்தப் பயம்? 2010 மார்ச்சில் போயிங் 787 விமானத்தைத் தரையில் நிறுத்தி, பறக்கும்போது எதிர்பார்க்கும் உச்சச் சுமையைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றினார்கள். இறக்கை சுமார் 25 அடி மேலே வளைந்தது; ஒடியவில்லை.

பொறியாளர்கள் அஞ்சுவது வேறொன்றுக்கு. வளைவும் முறுக்கும் சேர்ந்துகொண்டு, காற்றிலிருந்தே ஆற்றலை எடுத்துப் பெருகும் அதிர்வு அது. அதைக் கணிக்க இறக்கையை ஓர் உத்தரமாகப் பாவிப்பதுண்டு. மேசை விளிம்பில் பிளாஸ்டிக் ஸ்கேலை அழுத்தி விட்டால் துடிக்கிறதே, அதே கணக்குதான் தொடக்கம். உத்தரங்களுக்கான பழைய ஆய்லர்-பெர்னூலி கோட்பாடு வளைவை மட்டும் பார்த்தது. உள்ளடுக்குகள் சறுக்குவதை 1921-இல் பொறியியல் அறிஞர் டிமோஷென்கோ சேர்த்தார். இன்றைய மேம்பட்ட கணக்கு மாதிரிகள் குறுக்குவெட்டு, அதாவது இறக்கையைக் குறுக்கே வெட்டினால் தெரியும் முகம், நெளிவதையும் விடுவதில்லை.

ஒன்றரை மடங்கு விதியை அமெரிக்க விமான விதித்தொகுப்பின் 25.303-ஆம் பிரிவிலும், அந்தப் பெருகும் அதிர்வு பற்றிய விதியை 25.629-இலும் இணையத்திலேயே படிக்கலாம். அந்த வீடியோவை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.