அடைப்புக்குள் நடக்கும் அழற்சி

மாரடைப்பு ஏன் வருகிறது என்று விளக்கிய ஒரு கட்டுரை, கொழுப்பு படிந்து ரத்தக்குழாய் அடைபடுகிறது என்பதோடு நின்றுவிட்டது. அழற்சியை, அதாவது உடலின் தற்காப்புச் செல்கள் அங்கே கிளப்பும் எதிர்வினையை, சொல்லாமல் விட்டது பெரிய குறை. எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பின் துகள்கள் தமனியின் உட்சுவருக்குள் புகுந்து ஆக்ஸிஜனேற்றம் அடைந்ததும், ரத்தத்திலுள்ள மோனோசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் பின்னாலேயே போய் மேக்ரோஃபேஜ்கள் எனும் விழுங்கும் செல்களாக மாறி அவற்றை விழுங்குகின்றன. அளவு மீறினால் கொழுப்பு நிறைந்த நுரை செல்களாகி அங்கேயே மடிகின்றன. மேக்ரோஃபேஜ்கள் சுரக்கும் நொதிகள் படிவின் மேல்மூடியிலுள்ள கொலாஜன் என்ற உறுதி தரும் புரதத்தை அரிக்கின்றன. மூடி 65 மைக்ரோமீட்டருக்கும் கீழே மெலிந்தால் கிழியும் ஆபத்து அதிகம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறைந்து குழாயை அடைத்துவிடும். ஆஞ்சியோவில் 40 சதவீத அடைப்புதான் என்று வந்தவருக்கும் மாரடைப்பு வருவது இதனால்தான்.

2017-இல் வெளியான கான்டோஸ் ஆய்வில், 3 மாதத்துக்கு ஒருமுறை போட்ட 150 மி.கி. கனாகினுமாப் என்ற அழற்சியைத் தணிக்கும் ஊசி, எல்டிஎல்லைக் குறைக்காமலேயே மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றையும் சேர்த்து 15 சதவீதம் குறைத்தது. ஆனால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் கூடின.

ரத்தத்தில் அழற்சியின் அளவைக் காட்டும் எச்எஸ்-சிஆர்பி பரிசோதனையைக் காய்ச்சல், ஈறு வீக்கம் இருக்கும்போது செய்யாதீர்கள். லிட்டருக்கு 10 மி.கி.க்கு மேல் வந்தால் 2 வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அழற்சியைத் தணிக்கும் மாத்திரையான கோல்சிசினை நீங்களாக வாங்கிப் போடவே கூடாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கும், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிடுபவர்களுக்கும் அது நஞ்சாகலாம்.