450 டிகிரியில் வேப்பிலை

போன வாரம் ஒரு எம்.எஸ்சி. மாணவியின் ப்ராஜெக்ட்டைத் திருத்திக்கொண்டிருந்தேன். வேப்பிலைச் சாற்றில் ஜிங்க் ஆக்சைடு நானோ துகள், அதாவது கண்ணுக்குத் தெரியாத மிக நுண்ணிய துகள். உழைப்பு பக்கத்துக்குப் பக்கம் தெரிந்தது. முடிவுரையில், வேம்பின் மருத்துவக் குணம் துகள்மேல் படிந்திருப்பதால் கிருமிகள் சாகின்றன என்று எழுதியிருந்தார். செய்முறையிலோ, மஃபிள் ஃபர்னஸ் என்ற மின் உலையில் 450 டிகிரி, 2 மணி நேரம்.

அந்தச் சூட்டில் எந்த இலையின் குணம் மிஞ்சும்?

இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, ஜிங்க் நைட்ரேட் கலந்து சூடாக்கிக் கிளறினால் பழுப்புக் களியாக இறுகும். க்ரூசிபிள் என்ற சூடு தாங்கும் கிண்ணத்தில் வழித்துப்போட்டுச் சுட்டால் இலையிலிருந்து வந்த கரிமப் பொருள் அநேகமாக முழுவதும் எரிந்துவிடும். வெளியே எடுக்கும்போது பொடி மஞ்சளாக இருக்கும், ஆற ஆற வெள்ளையாகும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி. ஆனால் அந்த வெள்ளையில் வேம்பு இல்லை. சாறு செய்த வேலை வேறு: ஜிங்க் அயனிகளை (மின்னூட்டமுள்ள ஜிங்க் அணுக்களை) பிடித்துவைத்தது, எரியும்போது எரிபொருளானது, துகள்கள் பெரிதாகத் திரளாமல் தடுத்தது. அதுவே நல்ல வேதியியல்தான்.

வெள்ளி உலோகத்தில் கதை வேறு. 2004இல் புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு வேப்பிலைச் சாற்றில் தங்க, வெள்ளித் துகள்கள் செய்தது. அங்கே சாறு அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து அதை உலோகமாக ஒடுக்குகிறது, சுடும் வேலையே இல்லை, இலையின் மூலக்கூறுகள் துகள்மேல் ஒட்டியிருக்க வழியுண்டு. ஜிங்க் ஆக்சைடுக்கு அந்த ஒடுக்கமே தேவையில்லை. வெள்ளிக்கு எழுதிய விளக்கத்தை அப்படியே எடுத்து இதற்கும் போட்டுக்கொண்டிருக்கிறோம். "எல்லா பேப்பர்லயும் இப்படித்தானே சார் போட்டிருக்காங்க?" என்றார் மாணவி. அவர்மீது தப்பில்லை, சொல்லிக்கொடுக்காத நம்மீதுதான்.

கிருமி வளர்க்கும் அகார் தட்டில், துகளைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் வந்ததும் மருந்து கிடைத்துவிட்டதாக நினைக்கிறோம். ஜிங்க் ஆக்சைடு கொஞ்சம் கரைந்து வரும் அயனியே கிருமியைத் தடுக்குமே! உடம்புக்குள் செலுத்துவது அதைவிடப் பெரிய விஷயம். ஃபெருமாக்சிடால் என்ற இரும்பு ஆக்சைடு நானோ மருந்துக்கு, சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக, அமெரிக்காவில் 2009இல் அனுமதி கிடைத்தது. அது இலையில் செய்ததல்ல, முறையாகச் சோதித்து வந்த மருந்து. அதற்கே உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பற்றி 2015இல் எச்சரிக்கையைக் கடுமையாக்கினார்கள். நாமோ சித்திரை வெயிலில் பறித்த இலையும் ஐப்பசி மழையில் பறித்த இலையும் ஒரே துகளைத் தருமா என்றுகூடப் பார்ப்பதில்லை.

முடிவுரையில் வேம்பின் குணம் பற்றிய அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை புதுத் தட்டு போடுகிறார். எது கிருமியைத் தடுக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க நான்கு குழி: அவருடைய துகள், வெறும் இலைச்சாறு, வெறும் ஜிங்க் நைட்ரேட், கடையில் வாங்கிய ஜிங்க் ஆக்சைடு.