வடை சுட்ட எண்ணெயும் நம் ஆறும்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் குளோரின் போட்டு ஆற்றைக் காப்பாற்றுகிறது என்கிற மாதிரி உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். குளோரின் கடைசி வேலைதான். அழுக்கைத் தின்பது காற்றூட்டும் தொட்டியில் இருக்கும் பாக்டீரியாக்கள். அங்கே தின்னாமல் விட்டதை ஆற்றுப் பாக்டீரியாக்கள் தின்னும். அவை தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை இழுத்துக்கொள்ள, மீன்கள் திணறிச் சாகும்.

தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். பையனின் பள்ளியோடு நிலையத்தைப் பார்க்கப் போனபோது, ஊழியர் ஒருவர் அந்தத் தொட்டியிலிருந்து ஒரு கண்ணாடி ஜாடி நிறைய மொண்டு வைத்தார். காப்பி நிறம். அரை மணி நேரத்தில் சேறு அடியில் படிந்து, மேலே தெளிநீர் நின்றது. படியாமல் மிதந்தால் தொட்டியில் ஏதோ கோளாறாம். நாற்றம்? நினைத்த அளவுக்கு இல்லை.

சரி, நிலையம் நன்றாக இருந்து என்ன, கழிவுநீர் அங்கே போய்ச் சேர வேண்டுமே! லோட்ஷெடிங்கில் பம்ப் நின்றால் எங்கள் தெருக்கோடி மேன்ஹோல் பொங்கி நேரே ஓடைக்குத்தான். ஒருமுறை கரண்ட் இருந்தும் பொங்கியது. புகார் சொல்லி மூன்றாம் நாள் வந்து தோண்டினார்கள். உள்ளே ஈரத் துடைப்புத் தாளும் கட்டியாக உறைந்த எண்ணெயும். தீபாவளிக்கு வடை சுட்ட எண்ணெயை சிங்க்கில் ஊற்றியது நாம்தானே? அந்த ஓடை விழும் ஆற்றங்கரையிலிருந்துதான் தைப்பூசக் காவடியும் கிளம்புகிறது.

அப்புறம், கழிவுநீர் அமைப்புகளை மதிப்பிட்டு அரசு 2022-இல் வெளியிட்ட கிரீன் டிராப் அறிக்கைப்படி நாட்டில் 334 நகராட்சிக் கழிவுநீர் அமைப்புகள் அபாய நிலையில் இருந்தன. அதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம்.