வயலினை வாசிக்க விடுங்கள்

இத்தாலியின் கிரெமோனாவில் இருக்கும் வயலின் அருங்காட்சியகத்தில் ஸ்ட்ராடிவாரி, அமாத்தி, குவார்னெரி கைப்பட இழைத்த கருவிகளைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். அதே கட்டடத்தில் 464 பேர் உட்காரும் அரங்கமும் உண்டு. நடுவில் மேடை, சுற்றிலும் ரசிகர்கள். பெட்டியிலிருந்து கருவியை எடுத்து அங்கே கச்சேரியே நடத்துகிறார்கள்.

"300 வருஷப் பொருள், வியர்வை பட்டு வார்னிஷ் போய்விடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கவலைதான். ஆனாலும் என் ஓட்டு வாசிக்கச் சொல்பவர்களுக்கே.

பழைய வயலினின் நாதம் வேறு எதிலும் வராது என்பதற்காகச் சொல்லவில்லை. கண்ணை மறைத்து வாசிக்கக் கொடுத்த சோதனைகளில் தேர்ந்த கலைஞர்களே புது வயலினைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். என் கேள்வி வேறு: தொடாமல் வைத்து எதைக் காப்பாற்றுகிறோம்? அந்தக் காலத்து வயலின்களில் பெரும்பாலானவற்றின் கழுத்தை நீட்டிப் பின்னால் சாய்த்துவிட்டார்கள். மேல் பலகையின் உட்புறம் அதைத் தாங்கும் மரச்சட்டமான பேஸ் பாரை எடுத்துவிட்டுத் தடிமனாக வேறொன்று ஒட்டினார்கள். ஆட்டுக் குடலில் திரித்த நரம்புத் தந்தியும் போனது. எல்லாம் பெரிய அரங்கின் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பதற்காக. நால்வர் வாசிக்கும் குவார்ட்டெட்டோ வீட்டுக் கூடத்துக்காகப் பிறந்தது. 464 இருக்கை அதற்கு எவ்வளவோ பக்கம்.

2019இல் இதே அரங்கில் இந்தப் பழைய கருவிகளில் இரண்டு வயலின், ஒரு வியோலா (சற்றுப் பெரிய வயலின்), ஒரு செல்லோ (அதைவிடப் பெரியது) ஆகியவற்றின் ஒலியை ஸ்வரம் ஸ்வரமாகப் பதிவுசெய்தார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் நடந்தது. சுற்றுத் தெருக்களில் வண்டிகளை நிறுத்தி, சத்தம் போடாதீர்கள் என்று மேயரே ஊரைக் கேட்டுக்கொண்டார். சரி, ஆவணமாக இருக்கட்டும். ஆனால் நால்வர் சேர்ந்து ஒரு மேஜர் கார்டை (ச, க, ப மூன்றும் ஒருசேர ஒலிப்பது) பிடிக்கும்போது, காந்தாரம் வாசிப்பவர் அதை மயிரிழை இறக்கி மற்றவர்களோடு இழைய வைப்பார். அடுத்த கார்டில் அதே ஸ்வரம் வேறு இடத்தில் நிற்கும். தனித்தனியாகப் பிடித்த ஒலித் துண்டுகளில் அந்தப் பேச்சுவார்த்தைக்கு எங்கே போவது?

அதற்காக விமானத்தில் ஏற்றி ஊர் ஊராக அனுப்பச் சொல்லவில்லை. இருக்கும் இடத்திலேயே, பராமரிப்பவர் கண்முன்னே வாசிக்கட்டும். அரங்கம் கட்ட இடமில்லையா, காட்சிக்கூடத்திலேயே நாலு நாற்காலி போடுங்கள்.

ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கும், 1716ஆம் ஆண்டு ஸ்ட்ராடிவாரி செய்த 'மெசையா' வயலினுக்கு மட்டும் விலக்குத் தரலாம். அதிகம் வாசிக்கப்படாததால் புதுசு போலவே இருக்கிறது, வயலின் செய்பவர்களுக்கு அளவுகோலாகப் பயன்படும். அதன் கழுத்தையும் 19ஆம் நூற்றாண்டில் நீட்டித்தான் இருக்கிறார்கள்.