அது மாண்டரின் படம் இல்லை

சனிக்கிழமை திரையிடலில் படத்தின் மொழியைத் தவறாகப் போட்டிருந்ததைப் பற்றி நான் எழுதியதற்கு, "இதற்கெல்லாமா இவ்வளவு கோபம்?" என்று நேற்றிலிருந்து கேட்கிறீர்கள். ஆமாம், இதற்குத்தான்.

வராதவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஊர் ஊராகத் தைவான் படங்களைக் கொண்டுபோய்க் காட்டும் விழா சிங்கப்பூருக்கு வந்திருந்தது. ஹோ சியாவ் சியென் இயக்கிய 'எ சிட்டி ஆஃப் சாட்னஸ்' போட்டார்கள். துண்டறிக்கையில் 'மொழி: மாண்டரின்' என்று இருந்தது. படம் முடிந்ததும் ஒரு சீன முதியவர் எழுந்து, "இதில் முக்கால்வாசி ஹொக்கியன்தானே பேசுகிறார்கள்?" என்று கேட்டார். ஹொக்கியன் தைவானிலும் சிங்கப்பூரிலும் சீனர்கள் பலரின் வீட்டு மொழி, மாண்டரின் மட்டும் தெரிந்தவருக்குப் புரியாது. நடத்தியவர், "எல்லாம் சீனம்தானே, வசதிக்காகப் போட்டோம்" என்றார். அரங்கம் சிரித்தது. பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

அது மாண்டரின் படம் இல்லை. தைவானில் 38 ஆண்டுகள் இருந்த ராணுவச் சட்டம் 1987இல் நீங்கியது. 1947 பிப்ரவரி இறுதியில் தொடங்கிய எழுச்சியை அடக்க, சீனாவிலிருந்து வந்த அரசின் படை தைவான் மக்களைச் சுட்டுக்கொன்றது. அந்தப் படுகொலைகளைப் பற்றி அதுவரை அங்கே வாய் திறக்க முடியாது. 1989இல் இந்தப் படம் வாய் திறந்தது, வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. ஹொக்கியன், ஜப்பானியம், கான்டனீஸ், ஷாங்காய் மொழி எல்லாம் படத்தில் உண்டு. ஒரு பேரம் பேசும் காட்சியில் ஒருவர் ஹொக்கியனில் சொல்ல, இன்னொருவர் கான்டனீஸில் சொல்ல, மூன்றாமவர் அதை ஷாங்காய் மொழிக்கு மாற்றுவார். மாண்டரின் எங்கே வருகிறது? ஆளுநர் சென் யீயின் வானொலி அறிவிப்பில். புது அரசுக்காக மருத்துவமனைக்காரர்கள் உட்கார்ந்து படிக்கும் பாடத்தில். சுட்டவர்கள் கொண்டுவந்த மொழியின் பெயரை, சுடப்பட்டவர்களின் படத்துக்குப் போட்டிருக்கிறார்கள். அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் ஹொக்கியன் பேசிய பிள்ளைகளுக்கு அபராதம் போட்ட ஊர் அது.

"இலவசமாகப் படம் காட்டுகிறார்கள், அதிலும் குற்றமா?" என்கிறார் ஒருவர். நன்றி இருக்கிறது. சப்டைட்டிலோடு இந்தப் படத்தைப் பெரிய திரையில் பார்க்க எத்தனை வருடம் காத்திருந்தேன் என்று உங்களுக்குத் தெரியும். "விழாவின் மற்ற படங்கள் மாண்டரின்தானே?" சரி, பல படங்கள் அப்படித்தான். அவற்றுக்கு மாண்டரின் என்றே போடட்டும்.

"நீ தமிழச்சி, சீனர்கள் விஷயத்தில் உனக்கென்ன?" என்று கேட்டீர்களே, அதுதான் தூங்கவிடவில்லை.

எங்கள் புளோக்கில் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி ஆ மாவுக்கு ஹொக்கியன் மட்டும்தான் தெரியும். 1979இல் இங்கே மாண்டரின் பேசும் இயக்கம் வந்தது, தொலைக்காட்சியிலிருந்து ஹொக்கியன் போனது. தைவான் ஹொக்கியன் தொடரைக்கூட மாண்டரினில் டப்பிங் செய்துதான் போடுவார்கள். ஆ மா படத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். என் அம்மாவுக்கு ஈரச்சந்தையில் கற்ற ஹொக்கியன் வரும். ஆ மாவின் சொந்தப் பேரனுக்கு வராது. கடைசி வருடங்களில் அவர் மனம்விட்டுப் பேசியது என் அம்மாவிடம்தான். இப்போது சொல்லுங்கள், எனக்கு என்ன?

இன்னும் ஒன்று. இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். படத்தில் நடிகர் டோனி லியுங் காது கேளாத, பேச்சு வராத புகைப்படக்காரராக வருவார். ரயிலில் சீனாவிலிருந்து வந்தவர்களைத் தேடும் தைவான்காரர்கள் சிலர் கையில் ஆயுதத்தோடு அவரை வழிமறித்து, எந்த ஊர்க்காரன் என்று கேட்பார்கள். "நான் தைவான்காரன்" என்று உடைந்த குரலில் ஹொக்கியனில் சொல்லிப் பார்ப்பார். ஜப்பான் ஆட்சியில் வளர்ந்த தைவான்காரர்களுக்கு ஜப்பானியம் தெரியும் என்பதால் அடுத்து அதில் கேட்பார்கள். அவருக்குக் கேட்கவே கேட்காது. கேட்கிற மொழியில் பதில் வராவிட்டால் அடி. நண்பன் ஓடிவந்து காப்பாற்றுவான்.

83 யூலையில் என் பெரியம்மா கொழும்பில் பஸ்ஸில் இருந்தார். வாளிக்குச் சிங்களத்தில் 'பால்திய'. தமிழர்களைத் தேடிய கும்பல்கள் அதைச் சொல்லச் சொல்லும், நாக்கு கொஞ்சம் பிசகினால் தமிழர் என்று தெரிந்துவிடும். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருவர், "இவள் என் தங்கை, ஊமை" என்று சொல்லிப் பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பெரியம்மா இதை எங்களிடம் ஒரே ஒருமுறைதான் சொன்னார். அந்த ரயில் காட்சியில் யார் எந்த மொழியில் கேட்கிறார்கள் என்பது உயிர்ப் பிரச்சினை. அதைத்தான் 'எல்லாம் சீனம்' என்றார்கள். சப்டைட்டிலிலும் எல்லா மொழிக்கும் ஒரே வெள்ளை எழுத்து. ஹொக்கியன் காதில் பழகாதவருக்கு அந்தக் காட்சியில் என்ன புரிந்திருக்கும்?

விழா அடுத்த ஊருக்குப் போகிறதாம். துண்டறிக்கை அச்சாகவில்லை என்றால் மொழிகளின் பெயரை முழுசாகப் போடுங்கள். ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

அந்தப் பெரியவரை யாருக்காவது தெரிந்தால் எனக்குத் தனியே எழுதுங்கள். அரங்கம் சிரித்தபோது நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. அதை அவரிடம் சொல்ல வேண்டும்.