துளஜாபூர் பவானி: தரிசன நாள் பற்றி ஒரு திருத்தம்

"மூலவர் அசையாது, நவராத்திரிக்கு முந்தின வாரமே போய் அபிஷேகம் செய்யுங்கள்" என்று மகாராஷ்டிரத்தின் துளஜாபூர் பவானி கோயிலுக்குப் போகிறவர்களிடம் சொல்லப்படும் யோசனை தவறு. துளஜாபூர் பவானி சலமூர்த்தி, அதாவது இடம் பெயர்க்கக்கூடிய மூலவர். கருங்கல் திருமேனியைப் பீடத்திலிருந்து எடுத்து, கட்டிலில் மெத்தை விரித்துப் படுக்க வைப்பார்கள். வருடத்தில் 3 முறை இந்த நித்திரை: மகாளய அஷ்டமி முதல் அமாவாசை வரை, தசராவில் எல்லை தாண்டும் சடங்கான சீமோல்லங்கனம் முடிந்து பௌர்ணமி வரை, பௌஷ மாதத்தில் (டிசம்பர்-ஜனவரி) வரும் சாகம்பரி நவராத்திரிக்கு முன். அந்த நாட்களில் சயனக் கோல தரிசனம் உண்டு. வழக்கமான பஞ்சாமிர்த அபிஷேகம் கிடையாது. மராட்டிய அரச குலமான போன்சலேக்களின் குலதெய்வம் இவள். தஞ்சை துளஜா மன்னர்களின் பெயரே அவளுடையதுதான். தஞ்சாவூரிலிருந்து அவ்வளவு தூரம் போகிறவர்கள், தயவுசெய்து பஞ்சாங்கம் பார்த்து டிக்கெட் போடுங்கள். அபிஷேகம்தான் வேண்டுதல் என்றால், நவராத்திரியின் முதல் நாளான கடஸ்தாபனத்தன்று (கலசம் வைக்கும் நாள்) விடியலில் அம்மன் பீடமேறிய பிறகு போங்கள்.