400 கேள்வி என்றால் 400 பேச்சு அல்ல

"எங்கள் எம்.பி. மக்களவையில் 400 முறை எழுந்து கேள்வி கேட்டார், அந்த அமைச்சர் பூஜ்யம்" என்று ஒரு பதிவு போட்டிருக்கிறீர்கள். இரண்டுமே தவறான வாசிப்பு.

அந்த எண்ணிக்கையில் பெரும்பகுதி நட்சத்திரக் குறியில்லாத கேள்விகளாகத்தான் இருக்கும். அவற்றுக்கு எழுத்தில்தான் பதில். உறுப்பினர் எழுந்திருக்கவே வேண்டாம். ஒரு நாளுக்கு 230 வரை பட்டியலாகும். அவையில் வாய்மொழிப் பதில் கோரும் நட்சத்திரக் கேள்விகள் ஒரு நாளுக்கு 20தான், அதுவும் குலுக்கலில் தேர்வாகும். ஒரு உறுப்பினருக்கு நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேல் கிடைக்காது. 11 மணிக்குத் தொடங்கும் கேள்வி நேரத்தில் முதல் சில கேள்விகளே வாய்மொழியாக வரும், பதிலைத் தொடர்ந்து துணைக்கேள்வி கேட்கும் வாய்ப்பும் அவற்றுக்குத்தான். மீதி எழுத்துப் பதிலாகிவிடும். அமளி நடந்தால் அந்தச் சிலதும் போச்சு. இன்னொன்று: ஒரே பொருளில் பலர் கேட்டால் கேள்வியைச் சேர்த்து, எல்லார் பெயரையும் போடுவார்கள்; அது எல்லார் கணக்கிலும் ஏறும்.

அமைச்சர் கேள்வி கேட்க மாட்டார், பதில் சொல்பவரே அவர்தான்! அந்தப் பூஜ்யத்துக்குப் பொருளே இல்லை.

விவாதப் பங்களிப்பைப் பார்க்க வேண்டுமானால் மக்களவை நடவடிக்கைக் குறிப்பில் அவர் பெயரைத் தேடி, மசோதா, பட்ஜெட் விவாதப் பேச்சுகளைத் தனியாக எடுங்கள். விதி 377-இன் கீழ் உறுப்பினர்கள் பொதுப் பிரச்சினைகளை எழுப்பும் கோரிக்கைகளை அதில் சேர்க்காதீர்கள். பல நாள் அவை வாசிக்கப்படாமல் மேஜையில் வைக்கப்படுபவை.